சேர்மனுக்கு முழுக்கைச் சட்டை

அடுவாசோ ஊரில் யார் உடம்பில் என்ன இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரியாது. தையல்காரி கொனாடுவுக்குத் தெரியும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், யார் கர்ப்பமாக இருக்கிறாள், யாருக்கு முதுகில் படை, யாரைப் புருஷன் அடித்திருக்கிறான், எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிடும். வாயை மட்டும் அவள் தைத்துக்கொள்ளவே இல்லை.

அவளுடைய இடது முழங்கை ஒன்பது வயதிலேயே மடங்கி நின்றுவிட்டது. வலிக்காத சின்னக் கட்டி ஒன்று வந்தது. வலிக்கவில்லையே என்று விட்டார்கள். உடைந்து புண்ணானதும் சூனியம் என்றார்கள். இரண்டு வருஷம் ஜெபக் கூடாரத்துக்கும் பச்சிலைக்காரனுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். புண் ஆறியபோது கை நீட்ட வரவில்லை. புருலிப் புண் என்ற பெயரையே அவள் முப்பது வயதுக்கு மேல்தான் கேள்விப்பட்டாள். "மெஷின் சக்கரத்தைச் சுத்துறதுக்கு வலது கை, துணியைப் பிடிக்கிறதுக்கு இந்த மடக்குக் கை. கடவுள் அளவெடுத்துத்தான் தச்சிருக்கான்" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

வருஷத்துக்கு மூன்று தடவை தோல் நோய்க் குழுவின் ஜீப் ஊருக்கு வரும். என்றைக்கு வரும்? வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பெரிய சந்தை. ஊரே வாழைக்குலையையும் மரவள்ளியையும் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விடும். மண்ணுக்கு ஓய்வு நாள் என்று ஒருவரும் களைக்கொத்து எடுக்காத வியாழக்கிழமை ஒன்று இருக்கிறதே, அன்றைக்கு வந்தால் பச்சைக் குழந்தைவரை பார்க்கலாம். வர மாட்டார்கள். ஊர்ச் சுகாதாரக் கமிட்டி சேர்மன் அம்போன்சா வீட்டில் நிலக்கடலைக் குழம்பும் சோற்றுருண்டையும் சாப்பிட்டுவிட்டு, "நோயாளிகள்: இல்லை" என்று அவர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டு போவார்கள்.

"ஆட்டுக்கு நோய் பார்க்கவா வந்தாங்க? ஊர்ல அன்னிக்கி அதுங்கதானே இருந்துச்சு" என்பாள் கொனாடு.

பள்ளி திறக்கும் சமயம் அஃப்ரியே தன் மகள் டூஃபியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அஃப்ரியே சேர்மனின் கூடப்பிறந்த தங்கை. பிள்ளைக்குப் பதினோரு வயது.

"அக்கா, யூனிஃபார்ம் தைக்கணும். இடது கையை மட்டும் கொஞ்சம் நீளமா வைங்க."

"ஒரு கை நீளமா? என்ன ஃபேஷன்டி அது?"

அஃப்ரியே தரையைப் பார்த்தாள். கொனாடு பிள்ளையின் கையைப் பிடித்தாள். முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

ஒன்பது வயதில் கொனாடுவின் கையில் வந்த அதே கட்டி இந்தப் பிள்ளையின் கையில் உட்கார்ந்திருந்தது. அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரை எட்டு வாரம், இலவசம். போடி!"

போனாள் பாவம். ஓடம் ஏறி, வேன் மாறி, பாதி நாள் பயணம். அங்கே கவுண்டரில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டினார். "அடுவாசோவா? அந்த ஊர்ல நோயே இல்லம்மா. மாத்திரை பேர் பட்டியல்படிதான் வரும். உங்க ஊர்க் கமிட்டி சேர்மன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். பிள்ளை எதிரே நிற்கிறது, கட்டி கையில் இருக்கிறது, தாளில் இல்லை. தாளில் இல்லாத நோய்க்கு மருந்து கிடையாதாம். என்ன அறிவு!

சேர்மன் கையெழுத்துப் போடவில்லை. மூன்று வருஷம் "நோய் இல்லை" என்று இருந்தால் ஊர் முகப்பில் பலகை வைப்பார்கள், அதில் அவர் பெயர் இருக்கும். இன்னும் நான்கே மாதம். "கொழுப்புக் கட்டிக்கெல்லாம் பட்டியலா? பச்சிலை வச்சுக் கட்டு, போதும்" என்றார். அந்த ஊரில் பிள்ளை தாய்வழிக்குச் சொந்தம். அப்பன் வாயைத் திறக்க முடியாது, தாய்மாமன் சொல்தான் சட்டம். அஃப்ரியே பச்சிலையை வைத்துக் கட்டினாள். கட்டி உடைந்தது. தட்டளவு புண்ணானது. பிள்ளை கையை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள், பிறகு போகவில்லை.

கொனாடு ஜீப்பை வழிமறித்தாள். "கமிட்டி மூலமா வாங்க" என்றார்கள். சேர்மனிடமே போய்க் கத்தினாள். "உன் கையைப் பார்த்துப் பயந்து போயிருக்கே. எல்லார் கையும் உன் கையா?" என்று சிரித்தார் மனிதர்.

ராஜாவின் சபை முன்னிலையில் பலகை திறக்கும் நாள் நெருங்கியது. அதற்கு ஒரு வாரம் முன்பு சேர்மன் தையல்கடைக்கு வந்தார்.

"சபைக்குப் போர்த்திக்கிற துணிக்கு உள்ள போட ஒரு முழுக்கைச் சட்டை தை."

கொனாடு நிமிர்ந்து பார்த்தாள். ஊர் ராஜாவின் சபைக்குப் பெரிய மனிதர்கள் ஒற்றைத் துணியை இடது தோளில் போட்டு, வலது கை வெறுமையாகத்தான் போவார்கள். ராஜா முன்னால் வந்ததும் இடது தோள் துணியையும் இறக்க வேண்டும். சட்டையோடு போவது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"சபைக்குச் சட்டையா? என்ன சேர்மன் ஐயா, குளிருதா?"

"காலம் மாறிப்போச்சு. சுகாதார டைரக்டரெல்லாம் வர்றாரு. நீ தை."

அளவெடுக்க நாடாவை வலது கைக்குக் கொண்டுபோனாள். மனிதர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அது உத்தேசமா வை!"

அடப்பாவி. கொனாடுவுக்குப் புரிந்துவிட்டது. சட்டையை நன்றாகவே தைத்தாள், பொத்தான்கூட இறுக்கமாகவே வைத்தாள்.

பலகை திறக்கும் நாள் வியாழக்கிழமை. டைரக்டருக்குச் சந்தைக் கூட்டத்தில் தொப்பி கசங்கிவிடும் போலிருக்கிறது, இதற்கு மட்டும் வியாழக்கிழமை. பந்தல், முரசு, ஆளுக்கொரு பனியன், அதில் "நோயற்ற அடுவாசோ". பெரிய குடையின் கீழ் ராஜா. பக்கத்தில், பொன்முனைக் கோலோடு அவருடைய சொல்பேசி. ராஜாவிடம் யாரும் நேரே பேசக் கூடாது, சொல்பேசி வழியாகத்தான்.

சேர்மன் அறிக்கையோடு எழுந்தார். சபை சலசலத்தது. சொல்பேசி கோலைத் தரையில் தட்டினார்.

"யாரது, ராஜாவுக்கு முன்னாடி சட்டை போட்டுட்டு நிக்கிறது? கழட்டு."

"காய்ச்சலுங்க. குளிர் தாங்கல."

"அப்ப ஒரு செம்மறி, ரெண்டு பாட்டில் சாராயம். அபராதம்."

"குடுத்துடறேன்" என்றார் சேர்மன், அவசரமாக.

அவ்வளவு சுலபமாக ஆட்டைக் கொடுக்கிற ஆளா அவர்! சபையே வாயைப் பிளந்தது. கொனாடு எழுந்தாள்.

"சொல்பேசி ஐயா, ராஜாகிட்ட சொல்லுங்க. ஆடு வேணாம். கையைக் காட்டச் சொல்லுங்க. இந்தக் கையை நான் முப்பது வருஷமா ஊருக்குக் காட்டிட்டு இருக்கேன்" என்று மடங்கிய கையை உயர்த்தினாள். "என்னைப் பார்த்து ஊரே சிரிச்சுது, நான் சாகல. சேர்மன் ஒரு நிமிஷம் காட்டினா செத்துடுவாரா?"

"உக்காருடி!" என்று கத்தினார் சேர்மன்.

ராஜா சொல்பேசியின் காதில் ஏதோ சொன்னார். "கழட்டு" என்றார் சொல்பேசி மறுபடியும். இந்த முறை இரண்டு வாலிபர்கள் எழுந்து நின்றார்கள்.

சட்டை கழன்றது. வலது தோளுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் கட்டி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர் தலையைத் தொங்கப் போட்டார். டைரக்டரோடு வந்த நர்ஸ் அம்மாள் நியார்க்கோ எழுந்து போய் அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார் சேர்மன்.

"அஃப்ரியே! பிள்ளையைக் கூட்டிட்டு வா!" என்றாள் கொனாடு. அண்ணன் முகத்தை அஃப்ரியே இந்த முறை பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நான்கு மாதமாக வராத மாத்திரை திங்கட்கிழமை காலை ஊருக்கு வந்தது. ஜீப்பில் பெட்ரோல் இருந்தது, ஓடம் கிடைத்தது, கவுண்டர்காரருக்குப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. பட்டியலில் முதல் பெயர் அம்போன்சா, இரண்டாவது டூஃபி. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியுமாம். சர்க்காருக்கோ சேர்மனுக்கு வந்தால்தான் தெரிகிறது. ராஜா சொன்னபடி இனி ஜீப் வியாழக்கிழமைதான் வரும். பதிவு நோட்டு கொனாடுவின் மெஷின் மேல் இருக்கிறது. அந்த மாதமே ஆறு பேர் அளவெடுக்க வந்து, துணி இல்லாமல் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சேர்மனுக்கு மாத்திரையோடு சரியாகிவிட்டது. கட்டி இருந்த இடமே தெரியாது. பிள்ளைக்குப் புண் ஆற ஆறு மாதம் ஆனது. நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் இவளுக்கும் மாத்திரையே போதும் என்று நர்ஸ் அம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது வகுப்புக்கு யூனிஃபார்ம் தைக்க டூஃபி வந்தாள். வலது கையை நீட்டினாள், அளவெடுத்தாயிற்று. இடது கையை நீட்டினாள். பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டப் பார்த்தாள்.

"போதும்டா கண்ணு. விடு" என்றாள் கொனாடு.

"அத்தை, மாமா முழுக்கை வைக்கச் சொன்னாரு. தழும்பு தெரிய வேணாமாம்."

கொனாடு கத்தரிக்கோலை எடுத்தாள். சட்டைத் துணியில் இரண்டு கைகளையும் தோளிலிருந்து நான்கு விரல்கடையில் ஒரே அளவாக வெட்டினாள்.

"அரைக்கைதான். தினம் காலையில அவரு வீட்டு வழியாவே ஸ்கூலுக்குப் போ."