பின்னால் போகாத கார்

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குக் கூட்ஸ் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. இவ்வளவு காலம் ஆகியும் அந்தக் கார் வியாபாரியின் முகம் நினைவுக்கு வந்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், சொல்லிவிடுகிறேன்.

என் ஒரே தங்கையைத் தஞ்சோங் மாலிமுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். எட்டு மாதம் முடிந்திருந்தது, தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். ரயில்வேக்காரனுக்கு ரயிலில் போக என்ன கேடு என்று கேட்பீர்கள். தோட்டத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஏழு மைல், குண்டும் குழியுமான மண்பாதை, மாட்டுவண்டிதான் கதி. வளைகாப்புக்குப் போய் வந்த அம்மா, "அந்த ரோட்டுல மாட்டுவண்டியில ஏத்துனா ஸ்டேஷன் வர்றதுக்குள்ள புள்ள பொறந்துடும்டா" என்று அழுதார். நான் வீறாப்பாக, "என் சொந்தக் கார்ல கூட்டியாறேன், பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

கிராணி சம்பளத்துக்குப் புதுக்கார் கனவிலும் வராது. பழைய கார்தான். விலை குறைவாக இருக்கவேண்டும், பெட்ரோல் குடிக்கக்கூடாது, நூறு மைல் போனாலும் படுத்துக்கொள்ளக்கூடாது. ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்த என் சிநேகிதர், "மேட்டுல ஏத்திப் பாரு, பின்னால எடுத்துப் பாரு, அதுக்கப்புறம் வாய் தொறந்து விலை கேளு" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

வியாபாரி நம் ஆள். நெற்றி நிறைய விபூதி, பேச்சில் தேன். குறுகலான கேட்டுக்குள் நான்கைந்து கார்களை நிறுத்தி வைத்திருந்தான். எனக்குக் காட்டியது ஒரு பழைய சிறிய கார், கித்தான் கூரை. "ஒரு காலன் பெட்ரோலுக்கு முப்பது மைல் தம்பி. ஈப்போ என்ன, பினாங்கே போய்ட்டு வரலாம்லா" என்றான். கிள்ளான் ரோட்டில் ஓட்டிக் காட்டினான். அந்த ரோடு மேசை மாதிரி சமம், அதில் எந்தக் கார்தான் ஓடாது?

திரும்பி வந்ததும், பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டோடு வந்துவிட்டான். தேங்காய், வெற்றிலை, கற்பூரம் எல்லாம் அவன் செலவு. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்து, கற்பூரத்தையும் ஏற்றி, என் கையில் குங்குமத்தைக் கொடுத்தான்.

"ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்துப் பாத்துடறேனே அண்ணே" என்றேன்.

அவன் காதைப் பொத்திக்கொண்டான். "ஐயையோ, என்ன தம்பி இது! பூஜை போட்ட வண்டி பழத்த நசுக்கிட்டு முன்னாலதான் போவணும். பின்னால எடுத்தா குடும்பமே பின்னால போயிடும். தங்கச்சி வேற முழுவாம இருக்குங்கிறீங்க!"

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். படித்தவன், ஆபீஸில் தினம் நூறு சரக்குச் சீட்டைச் சரிபார்க்கிறவன், வாயைப் பொத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பழம் நசுங்கியது. அவன் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினான், படுபாவி.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அவன் சொன்ன மைலை நம்பி, போக வர எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல் ஊற்றியிருந்தேன். போகும்போது குறையில்லை. தோட்டத்தில் ஒரு சொந்தக்காரர் பாக்கியில்லாமல் வந்து காரைத் தொட்டுப் பார்த்தார்கள். பின்சீட்டில் தலையணை போட்டுத் தங்கையை உட்காரவைத்து, மெதுவாகத் திரும்பினேன்.

ரவாங் தாண்டி கஞ்சிங் மேட்டில் பாதி ஏறியதும் கார் இருமியது, நின்றது. அந்தக் காரில் பெட்ரோல் தொட்டி முன்சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகவேண்டும். தொட்டியில் கொஞ்சமாக இருந்து, காரின் மூக்கும் மேலே தூக்கியிருந்தால் வழியாது. காலனுக்கு முப்பது மைல் என்றானே, அந்தக் கணக்குக்கு ஓடவில்லை.

பக்கத்தில் ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் நம் ஜனங்கள். கங்காணி வந்து பார்த்துச் சிரித்தார். "இது ஒண்ணுமில்லீங்க. இந்த மாதிரி வண்டிய திருப்பிப் போட்டு ரிவர்ஸ்ல ஏத்துவாங்க. தொட்டி மேல வந்துடும், எண்ணெ எறங்கிடும்." ஆறேழு பேர் சேர்ந்து தள்ளி, காரின் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். எஞ்சினும் பிடித்துக்கொண்டது.

"நான் எறங்கிக்கிறேன் அண்ணே" என்றாள் தங்கை.

"உக்காரும்மா, ஒரு நிமிஷம்தான்" என்றேன். அந்த வார்த்தைக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ரிவர்ஸைப் போட்டு பிரேக்கை விட்டேன். அடியில் இரும்பு கிறீச்சென்று கதறியது. கார் பின்னால் போகவில்லை. முன்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன், அது பெயருக்குத்தான் பிடித்தது. எதிரே வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. தங்கை "அண்ணே!" என்று அலறினாள். கங்காணியும் இரண்டு பெண்களும் ஓடிவந்து, ரோட்டோரம் குவித்திருந்த கருங்கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார்கள். ஒரு கல்லில் நிற்கவில்லை. இரண்டாவதில் முட்டி நின்றது.

அந்தப் பெண்களில் ஒருத்தி மூச்சு வாங்கியபடியே என்னைப் பிடித்துக்கொண்டாள். "வயித்துப் புள்ளக்காரிய வச்சிக்கிட்டா வண்டி பழகுறீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு?"

என்ன சொல்வது? எலுமிச்சம்பழம் வைத்துத்தான் வாங்கினேன் என்றா? அவர்களே குடைபிடித்துத் தங்கையைக் கைத்தாங்கலாக மேட்டின் உச்சிவரை நடத்திக் கூட்டிப்போனார்கள். ஆண்கள் காரைத் தள்ளி ஏற்றி, மூக்கை மறுபடி ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள்; அப்பால் இறக்கம், முதல் கியரில் மெதுவாக இறங்கி அடுத்த பெட்ரோல் கடைவரை போய்விடலாம். காசு கொடுக்கப் போனேன். கங்காணி கையைத் தட்டிவிட்டு, "தங்கச்சிய பத்திரமா கொண்டுபோய்ச் சேருங்க" என்றார்.

அவளை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாள் காலையில் வியாபாரியிடம் போனேன். அவன் அசரவில்லை. "ஓடுற வண்டி கேட்டீங்க, ஓடுது. பின்னால போவும்னு நான் சொன்னேனா தம்பி?" என்றான். என்ன நெஞ்சழுத்தம்! அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கியரில் பல் போனது தெரிந்தேதான் கற்பூரம் ஏற்றியிருக்கிறான்.

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். இன்னொரு கார், சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சம்பழம். பக்கத்தில் ஓர் இளம் தம்பதி கைகூப்பி நிற்கிறார்கள். எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ! வெளியே போய், காரைக் கிளப்பி, நேராக அவனுடைய குறுகலான கேட்டுக்குள் மூக்கை நுழைத்து நிறுத்தினேன். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கார் வெளியே வரமுடியாது, ஒரு கார் உள்ளே போகமுடியாது.

தெருவே கூடிவிட்டது. "தம்பி, பின்னால எடுங்க, யாவாரம் கெடுது" என்று கெஞ்சினான்.

"பூஜை போட்ட வண்டி அண்ணே. பின்னால எடுத்தா குடும்பமே பின்னால போயிடும், நீங்கதானே சொன்னீங்க?" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவன் விபூதி வியர்வையில் கரைந்தது. அந்த இளைஞர் மெல்ல, "எங்க வண்டிய ஒருதடவை ரிவர்ஸ் எடுத்துக் காட்டுங்க" என்றார். அவன் காட்டவில்லை. அவர்கள் தட்டிலிருந்த பூவைக்கூட எடுக்காமல் நடந்தே போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் மெக்கானிக் வந்தான். கியரும் பிரேக்கும் வியாபாரியின் செலவிலேயே மாற்றப்பட்டன. அதுவரை நான் சீட்டை விட்டு இறங்கவில்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். அந்தப் பெண் வளர்ந்து, வேலைக்குப் போய், ஒரு பழைய கார் பார்க்க என்னையும் அழைத்துப் போனாள். விற்கிறவர் தட்டோடு வந்தார். நான் ஒன்றும் சொல்லுமுன்பே அவள், "மொதல்ல பின்னால எடுங்க அங்கிள், அப்புறம் கற்பூரம் ஏத்தலாம்" என்றாள். வயிற்றுக்குள் இருந்தபோதே அவள் படித்துவிட்ட அந்தப் பாடத்தை, சாமி பெயரைச் சொல்லி ஒருவன் என் வாயை அடைக்க வரும்போதெல்லாம் நான் இன்னும் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.