பாலைவனத்துக்குப் போன கிணற்றுத் தண்ணீர்

என் வீட்டுக்காரரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவார். கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது. அண்ணாந்து பார்க்கவும் முடியாது. அரசு பஸ் டிரைவராக தர்மபுரிக்கும் பெங்களூருக்குமாகப் பாதி ஆயுளை ஓட்டியவர், பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்து வளையாமல் போனதால் கடைசிக் காலத்தில் டெப்போவிலேயே உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றார். யாராவது விசாரித்தால், "டிரைவருக்கு நேரா பாத்தா போதாதா?" என்பார். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் கிணறு. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேட்டு நிலம், அதில் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. சுற்றிலும் எல்லாக் கிணறும் வற்றிய வருஷத்தில்கூட அது வற்றவில்லை. அதில் அவருக்கு அத்தனை பெருமை. ஆனால் அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு. நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் வாயைத் திறந்து சிரித்தாலே யார் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பல்லின் பழுப்புக் கறை சொல்லிவிடும். பெரியவர்களுக்கு அது எலும்பில் போய் உட்காரும். தர்மபுரி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இறுகினது இறுகினதுதான், மேற்கொண்டு இறுகாமல் இருக்க வேண்டுமானால் தண்ணீரை மாற்றுங்கள் என்று தெளிவாகத்தான் சொன்னார்.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் எங்கள் வாசலுக்கே வருகிறது. இவர் தொடமாட்டார். மருந்து வாடை அடிக்கிறதாம், தாகம் அடங்கவில்லையாம். "எங்கப்பன் இந்தத் தண்ணிய குடிச்சித்தான் எம்பது வயசு வரைக்கும் இருந்தாரு" என்பார். இருந்தார், யார் இல்லையென்றது? ஆனால் எப்படி இருந்தார்? என் மாமனார் கடைசி வருஷங்களில் தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் இவருக்குக் காது கேட்காது. நானும் கெஞ்சினேன், சண்டை போட்டேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மார்கழி பிறந்தால் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே அவருக்கு ஒரு வேலை. என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, ராஜஸ்தான் பக்கம் குளிர்காலத்தில் பகல் வெயில் இதமாக இருக்கும், ஈரமே இல்லாத காற்று, மூட்டு வலிக்கு நல்லது, சுற்றிப் பார்த்த மாதிரியும் ஆகும் என்றாள். இவருக்கும் பாலைவனம் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. சென்னையில் இருக்கும் மகள் டிக்கெட், ரூம், கார் எல்லாம் ஏற்பாடு செய்தாள். இதமான வெயிலில் எனக்கும் ஆசைதான். ஆனால் உள்ளுக்குள் நான் போட்ட கணக்கு வேறு. ஊரை விட்டுப் போனால் கிணறு கூட வராது. சில நாள் வேறு தண்ணீர் பழகினால் நாக்கு மறந்துவிடும், திரும்பி வந்ததும் குழாய்த் தண்ணீரைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதுதான் மூட்டை ஒன்று அநியாயத்துக்குக் கனக்கிறதே என்று பார்த்தேன். போர்வை என்று அவர் கட்டி வைத்திருந்த மூட்டை. அவிழ்த்தால் உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் கேன்கள், மூடிக்கு மேல் பாலித்தீன் சுற்றி, நூல் போட்டு இறுக்கி. கிணற்றுத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் வெளியூர் போனால் கட்டுச்சோறு கட்டுவார்கள், அதோடு ஒரு பாட்டில் வீட்டுத் தண்ணீரும் வைப்பார்கள், புதுத்தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்வரை. இந்த மனிதர் பாலைவனத்துக்கே கிணற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"ஊரு வுட்டு ஊரு போறோம். தண்ணி சேராம நான் படுத்துக்கினா நீயா தூக்கிக்கினு வருவ?" என்றார், பார்வை தண்டவாளத்தின் மேல்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த கேன்களைத் தண்டவாளத்திலேயே உருட்டியிருப்பேன். சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள், விட்டுவிட்டேன். சென்னையில் ரயில் மாறி, ஜோத்பூரில் இறங்கி, அங்கிருந்து காரில் ஜெய்சல்மேர் போய்ச் சேரும்வரை அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் அடுத்தவர் வீட்டுச் சொம்பில் வாய் வைத்துக் குடிக்கமாட்டார்கள், அண்ணாந்துதான் குடிப்பார்கள். இவரால் அண்ணாந்து குடிக்க முடியாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. சொம்பில் வாய் வைத்து எச்சில் பண்ணக் கூச்சம். அதனால் கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் பச்சைத் தண்ணீர் தொடாமல் வந்துவிடுவார். வழியில் குடிக்கப் பேத்தி ஸ்கூலுக்கு எடுத்துப்போன பழைய பாட்டிலைத்தான் வைத்திருந்தார். மூடியில் உறிஞ்சும் குழாய், வயிற்றில் பாதி அழிந்துபோன முயல் படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிற்கும்போது எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

எங்களுக்கு வாய்த்த கார் டிரைவர் அந்த ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும். இளவயதில் பெங்களூரில் ஒரு இனிப்புக் கடையில் வேலை பார்த்தவராம். எங்களுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. கன்னடம் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது. பெங்களூர் ரூட்டில் ஓடியவருக்குச் சொல்லவே வேண்டாம், இரண்டு பேரும் அங்கே சில்க் போர்டு ஜங்ஷன் டிராபிக்கைத் திட்ட ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். நானும் பாதி புரிந்துகொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

சுற்றிப் பார்க்கத்தான் போனோம், ஆனால் அங்கே எல்லாம் உயரத்தில் இருந்தது. மலை மேல் கோட்டை, மஞ்சள் கல்லில் மாடம் மாடமாக மாளிகைகள். எல்லாரும் தலையைத் தூக்கி வாயைப் பிளந்து நிற்க, இவர் எதிரே இருந்த தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செல்போனில் படம் எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். "நல்லாத்தான் கட்டிக்கிறானுங்க" என்றார். கோட்டைக்கு முன்னால் நின்று கோட்டையைப் போனில் பார்த்த ஆள் அவராகத்தான் இருப்பார்.

மணல்மேட்டுக்குப் போனபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. ஒட்டகத்தில் ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது. காரை விட்டிறங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், அதன் விளிம்பில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நிமிரவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். "இதுதான் எனக்குன்னு செஞ்சி வெச்ச ஊரு" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னார். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகுவலிகூட சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். எனக்கும் என்னமோ ஒரு நம்பிக்கை வந்தது. கேன்கள் காலியாகிக்கொண்டிருந்தன, ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் ஊர்களைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். வழியெல்லாம் வன்னி மரம். நம் ஊரில் கோயிலில் ஒன்று இருந்தால் சுற்றி வந்து கும்பிடுவோம், அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. டிரைவர், என் வீடு பக்கத்தில்தான், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று வற்புறுத்தினார். போனோம்.

வாசலில் கயிற்றுக் கட்டில். அதில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். முதலில் ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, அவர் உட்காருவதே அப்படித்தான். முதுகு முன்னால் வளைந்து, தாடை நெஞ்சில் பதிந்து, தலைப்பாகைதான் நமக்குத் தெரியும். எங்களைப் பார்க்க அவர் உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது, அதற்கு மகன் முதுகில் கை கொடுத்தார். சிரித்தார். அந்தப் பல்லை நான் ஆயிரம் வாயில் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

டிரைவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்து இப்படி ஆகிவிட்டது, இந்த ஊரில் பெரியவர்கள் பல பேர் இப்படித்தான் என்றார். முற்றத்தில் தரைக்கு அடியில் ஒரு தொட்டி, அதற்கு மூடி, மூடிக்குப் பூட்டு. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், இப்போது குடிக்க அது மட்டும்தான். அவருடைய மனைவி பூட்டைத் திறந்து, ஒரு சொம்பு மொண்டு, விருந்தாளி என்று முதலில் என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். பூட்டி வைத்துக் குடிக்கிற தண்ணீர். இவர் இரண்டு கையாலும் கும்பிட்டு வேண்டாம் என்றார், முயல் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

நான் அந்தச் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தேன். அந்தப் பெண்ணின் முகத்துக்காகக் குடித்தேன். குளிர்ச்சியாக, ருசி என்று ஒன்றும் இல்லாமல், நன்றாக இருந்தது.

டிரைவருக்குச் சிரிப்பு. இவர்கள் தங்கள் ஊர்த் தண்ணீரை இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் அவர்கள் பாஷையில் சொன்னார் போல. பெரியவர் தலைப்பாகைக்கு அடியிலிருந்து ஏதோ கேட்டார். அவருக்கும் கொஞ்சம் வேண்டுமாம், தெற்கத்தித் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்குக் கேட்டவரிடம் இல்லையென்று சொல்லத் தெரியாது. காரிலிருந்த கடைசி கேனைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர்கள் முன்னால் என்ன சொல்லித் தடுப்பது, எந்த பாஷையில் தடுப்பது? மருமகள் கிண்ணத்தை அவர் உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தாள்.

பெரியவர் விழுங்கினார். பிறகு மகனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டிரைவர் எங்களிடம் கன்னடத்தில் சொன்னார்: "எங்க கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்குன்றாரு. அதே ருசியாம். இன்னும் கொஞ்சம் கேக்குறாரு."

நான் என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியும். போய் நின்று பார்த்தேன். கேனைக் கையில் பிடித்தபடி அந்த வளைந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குத் திரும்பியதும் கேனைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார். என்னுடைய பாட்டிலைக் கேட்டு வாங்கி, கடைத் தண்ணீரை முயல் பாட்டிலில் ஊற்றிக் குடித்தார். என் மனசுக்குள் மேளம் அடித்தது. திரும்பி வரும்போது ரயிலில் விற்ற தண்ணீரையே ஒரு வார்த்தை பேசாமல் குடித்துக்கொண்டு வந்தார். நான் சொல்லி நடக்காதது, டாக்டர் சொல்லி நடக்காதது, அந்தப் பெரியவரைப் பார்த்ததும் நடந்துவிட்டது என்று மகளுக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்தேன். நான் கை கால் கழுவுவதற்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கிணற்றடியில் நிற்கிறார், டம்ளரைக் குழாயில் பிடித்து மெதுவாக உறிஞ்சிக்கொண்டு.

"அவரப் பாத்த பெறகுமாங்க?" என்றேன்.

"பாத்ததாலதான்." டம்ளரைக் கீழே வைத்தார். "வுட்டுடலாம்னுதான் இருந்தேன். கெளம்பறப்ப டிரைவரு கிட்ட கேட்டேன். அந்தத் தம்பி பெங்களூருக்குப் போறதுக்கு முன்னாடியே அவங்கப்பா கிணத்துத் தண்ணிய வுட்டுட்டாராம். இத்தினி வருஷம் மழத்தண்ணியக் குடிச்சும் கழுத்து நிமிரல. ருசி மட்டும் மறக்கல. நானும் வுட்டுட்டு அத நெனச்சிக்கினு ஒக்காந்திருக்கணுமா?"

இன்னும் மோசமாகாமல் இருக்குமே என்றேன். அவர் டம்ளரை எடுத்து மறுபடியும் குழாயில் பிடித்தார். எனக்கும் அந்தக் கட்டிலும் தலைப்பாகையும்தான் கண் முன்னால் வந்தன. அந்தப் பெரியவரைக் காட்டி இவரை மிரட்டலாம் என்று இருந்தேன். இவருக்கும் அதே ஆள்தான் சாட்சி.

அது நடந்தது போன தை மாதம். இந்த மார்கழியில் அவருக்கு முழங்கையும் மடங்கவில்லை. சோறு நான்தான் ஊட்டுகிறேன், தண்ணீரும் நான்தான் கொடுக்கிறேன். டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது, இனி நான் வைத்ததுதான் சட்டம் என்று ஒரு நாள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, மருந்து வாடை போகட்டும் என்று சீரகமும் போட்டுக் கொண்டுபோனேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது அவருக்கு. திட்டவில்லை, துப்பவும் இல்லை. விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் உதட்டோரம் வழிந்து சட்டையில் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவர் கை மேலே வராது.

முந்தானையால் நானே துடைத்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டு, டம்ளரைக் கழுவி, நிறையப் பிடித்துக்கொண்டு வந்து அவர் உதட்டில் வைத்தேன்.