அடியில் வாசித்தவர்

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அவளைப் பேஸ்காரர் சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். புருஷன் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். நான்கு தடித்த கம்பிகள், பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் பாதி உடம்பு மறைந்து நிற்பார். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்தச் சத்தம் எது என்று அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "நான் வாசிச்சது கேட்டுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார் மனிதர். அவள் நாக்கில் சனி! "பாட்டு நல்லா கேட்டுச்சு. நீங்க வாசிச்சதுதான் காதுல விழல. கம்பியத் தொட்டீங்களா இல்லையா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை. போன வருஷம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார்.

பாவி, ஒரு தடவையாவது அவர் வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்ற நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. அவர் வாசித்ததற்கு மிச்சம், தங்கை தன் போனில் எடுத்த ஒரே ஒரு வீடியோ. அதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாள். பாட்டுக்காரியின் குரல் கேட்டது, கீபோர்டு கேட்டது, கைதட்டல்கூடக் கேட்டது. அவர் விரல்கள் மட்டும் சத்தமில்லாமல் ஆடின. தன் காதுதான் மட்டம் என்று முடிவுகட்டி, குழுவில் கீபோர்டு வாசிப்பவரிடம் போய் நின்றாள்.

"எனக்குக் கேக்கக் கத்துக் குடுங்கண்ணா."

அவர் அந்த வீடியோவைத் தொடவில்லை. "அது அப்புறம்மா" என்று சொல்லி, பெரிய ஹெட்போனை அவள் தலையில் மாட்டி வேறு பாட்டுகளைப் போட்டார். "பாடுறவங்கள விடு. கீழ போ. இன்னும் கீழ." இரண்டு மாதம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழ்வீட்டில் யாரோ நடமாடுவது போல அது கேட்டது. அட, இவ்வளவு நாளும் இங்கேயேதான் இருந்ததா! பிறகு கார்டும் பிடிபட்டது. கீபோர்டில் மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலித்துப் பாட்டை ஓரிடத்தில் உட்கார வைக்கும். அப்புறம் எழுப்பி வேறிடத்துக்குக் கூட்டிப்போகும். சலவைக் கூடத்து ரேடியோவில் அப்படி இடம் மாறும்போதெல்லாம் "மாறிடுச்சு" என்பாள். படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிப்பவள், "என்னடி மாறுச்சு? அதே கறைதான்" என்பாள்.

ஒன்பதாவது மாதம் அந்த வீடியோவை ஹெட்போனில் கேட்டாள். அடியில் ஒன்றுமே இல்லை.

"போன் மைக்கு அவ்வளவு கீழ பிடிக்காதும்மா" என்றார் கீபோர்டுக்காரர், முகத்தைப் பார்க்காமல். "எனக்கு மொதல்லயே தெரியும். கேக்கக் கத்துக்கிட்டா உனக்கு மனசு ஆறிடும்னு நெனச்சேன். சொல்ல வாய் வரல."

அவள் விடவில்லை. "கார்ட் மாறுறது கேக்குதுல்ல? அதுக்கடியில அவரு எந்த சுரத்துல நின்னிருப்பாருன்னு நானே பாடிருவேன்" என்று வீடியோவோடு சேர்ந்து வாய்க்குள் பாடினாள். ஒவ்வொன்றும் சரியாகப் போய் விழுந்தது.

"சரிதான். வேற யாரா இருந்தாலும் இப்படித்தான் வாசிப்பான்" என்றார் அவர். "அவன் மாட்டான். இந்த எடத்துல நேரா வந்து எறங்கவே மாட்டான். எங்கயோ சுத்திட்டு வருவான். நான் ஆச்சரியப்பட்டுத் திரும்பிப் பாப்பேன், கண்ணடிப்பான்."

"எங்க சுத்துவாரு?"

"ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு வழி. ஒண்ணுகூட ஞாபகத்துல நிக்கலயேம்மா."

"அப்ப, நல்லா இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லிருக்கீங்களா?"

"எங்களுக்குள்ள அதெல்லாம் சொல்லிக்க மாட்டோம்." ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "வீட்ல நீ சொல்லுவேன்னு நெனச்சிட்டோம்."