ஒரே ஒரு சீசன் ஓடிய பஸ்

போன மாதம் திருப்பதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பட்டுப்பாவாடை கட்டின ஒரு பெண் சின்னச் சின்னக் கப்பில் மாம்பழ ஜூஸ் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் வேண்டாமென்று கையை அசைத்தேன். கூட வந்த என் ஓரகத்தி, அந்தப் பெண் மனம் கோணிவிடப் போகிறதே என்று, "இவங்களுக்கு ஷுகரும்மா" என்று சொல்லிவைத்தாள். எனக்கு ஷுகரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வாசனைதான் ஆகாது.

மாம்பழ வாசனை என்றால் நீங்கள் மரத்தில் பழுத்ததை நினைத்துக்கொள்வீர்கள். நான் சொல்வது வெந்த மாம்பழத்தின் வாசனை. வெல்லப்பாகு கொஞ்சம், நீராவி கொஞ்சம், ஈரச்சாக்கு கொஞ்சம் சேர்ந்தாற்போல இருக்கும். சேலையில் ஏறினால் மூன்று துவைப்புக்கும் போகாது. தலைமுடியில் ஏறினால் தலையணைக்கும் வந்துவிடும். புத்தூரைத் தாண்டி இருந்த ஒரு ஜூஸ் பேக்டரியில் நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டே யார் வேலைக்குப் போகிறவள், யார் போகாதவள் என்று சொல்லிவிடலாம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் கணக்கு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பிளஸ் டூ மாதிரியான இன்டரில் கணக்கு ஃபெயிலானபோது, தெலுங்கில் படித்ததால்தான் வரவில்லை என்று நைனாவிடம், அதான் அப்பாவிடம், சொல்லிப் பார்த்தேன். "தமிழ்ல ஒரு கணக்கு போடு பாக்கலாம்" என்றார். அதுவும் வரவில்லை. மறுவாரமே, சீசன் தொடங்கினதும், மேஸ்திரியின் மினி லாரியில் ஏற்றிவிட்டார்.

எங்கள் ஊர் நகரிக்கும் விஜயபுரத்துக்கும் நடுவே, எல்லையோரத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே டவுன்பஸ் வரும், ஆலமரத்தைச் சுற்றித் திரும்பிப் போகும். அதன் ஹாரன் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி வரக்கூடாதா என்று கேட்டால், "நீங்க ஆந்திரா" என்பார்கள். இந்தப் பக்கத்து டெப்போவில் போய்க் கேட்டால், "அந்த அரவ ஊருக்கா?" என்று சிரிப்பார்கள். அரவம் என்றால் அவர்கள் வாயில் தமிழ். இப்படி இரண்டு ராஜ்ஜியத்துக்கு நடுவில், எந்த பஸ்ஸும் சொந்தமில்லாமல் இருந்தது எங்கள் ஊர்.

அதனால் மேஸ்திரியின் மினி லாரிதான் எங்களுக்கு பஸ், ரயில் எல்லாம். மேஸ்திரி என்றால் பேக்டரிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். காலையில் எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே வண்டி தோப்புகளுக்குக் காய் ஏற்றப் போகும். உட்கார இடம் கிடையாது. குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிறு கிடைக்காதவர்கள் கயிற்றைப் பிடித்தவர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாங்காய்ப் பால் பட்டுக் கை பொத்துப்போயிருக்கும். கயிறு உராய்ந்தால் உயிர் போகும். நாங்கள் நறுக்கின மாம்பழம் கூழாகி, டின்னில் அடைபட்டு, கப்பலேறித் துபாய்க்குப் போகிறது என்று பேக்டரியில் பெருமையாகச் சொல்வார்கள். நாடே திறந்துகொண்டது, இனிமேல் எல்லாம் எங்கேயும் போகலாம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த காலம். பழத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது.

வண்டியில் என் பக்கத்தில் நிற்பவள் வசந்தா. என் வயசுதான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை திருப்பதியில் லாட்ஜில் வேலை. அவளுக்கு வேகம் பிடிக்கும். பின்பக்கக் கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எதிர்க்காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். முன்னால் வாடி என்று அவள் அம்மா முனியம்மா தினமும் கூப்பிடுவார். "முன்னால வந்தா ஒன் கொண்டைதான் கண்ல குத்துது" என்பாள் இவள். வண்டியே சிரிக்கும்.

அன்றைக்குத் தூறல். புத்தூருக்கு முந்தின வளைவில் திருப்பதி மலைக்குப் போகிற வேன் ஒன்றை எங்கள் டிரைவர் முந்தப் பார்த்தான். எதிரே லாரி. பிரேக் போட்டதும் நாங்கள் எல்லோரும் முன்பக்கம் போய் மோதினோம். பிறகு அவன் வண்டியை ஒடித்துத் தூக்கினபோது அத்தனை பேரும் பின்பக்கம் சரிந்தோம். அந்தப் பாரத்தில் பின்கதவின் கொக்கி தெறித்துவிட்டது. எனக்கு நினைவிருப்பது சத்தம் இல்லை. என் கைக்குள் இருந்த வசந்தாவின் கை இல்லாமல் போனதுதான். கீழே இறங்கிப் பார்த்தபோது முனியம்மா ரோட்டில் உட்கார்ந்து மகளின் சேலையைக் கால்வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தூறலில் நனைகிறதே என்று முகத்தையும் முந்தானையால் மூடினார்.

டிரைவர் மேல் கேஸ் எழுதினார்கள். மேஸ்திரி காரியத்துக்கு அரிசி அனுப்பினார். பேக்டரிக்காரர்கள், வண்டி மேஸ்திரியுடையது, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை, கொக்கிக்குப் பதில் சங்கிலி போட்ட அதே மினி லாரி தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அப்போதுதான் கோவிந்தம்மா அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். அவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். கணவர் தறி ஓட்டுகிறவர், வாயே திறக்கமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவார். பேக்டரியில் அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சண்டை போட்டால் சூப்பர்வைசர் ரெண்டடி தள்ளி நின்றுதான் பதில் சொல்வார்.

"ஏறுங்கம்மே, லேட்டாவுது" என்றார் மேஸ்திரி.

"இதுல ஏறமாட்டோம். பஸ்ஸு வுடச் சொல்லு."

"பஸ்ஸா? உங்க ஊருக்கா?"

"ஆமா, எங்க ஊருக்குத்தான். இன்னிக்கி இதுல ஏறினா, நாளைக்கி எவ செத்தாலும் நீங்களாத்தானே ஏறினீங்கன்னு சொல்லுவ."

யாரும் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. வீரம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அந்தக் கதவைப் பார்த்ததும் எனக்குக் கால் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். டெப்போவில் நஷ்டம் என்றார்கள். வண்டிகளைச் சோதிக்கிற ஆபீசில், சரக்கு வண்டியில் ஆள் ஏறுவதே தப்பு, முதலில் உங்கள் மேல்தான் கேஸ் போட வேண்டும் என்றார்கள். மண்டல ஆபீசில் ஆபீசர் கேம்ப் போயிருந்தார். எத்தனை தடவை போனாலும் கேம்ப்தான். அந்த மனுஷர் எந்த ஊருக்குத்தான் போனாரோ, எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். அலைச்சலுக்கெல்லாம் தெலுங்கு எழுதத் தெரிந்தவள் என்று என்னைக் கூட்டிப் போனார்கள். கணக்கில் ஃபெயிலானவளுக்கு முதல்முறையாக ஒரு மரியாதை. அந்தத் துக்கத்திலும் அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

வேலையில்லாமல் அடுப்பு எரியாத வீடுகள் கூடிக்கொண்டே போயின. ஒரு நாள் காலை கோவிந்தம்மா அக்கா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கூட்ரோடுக்கு, எங்கள் மண்ரோடு பெரிய ரோட்டில் சேருகிற முனைக்கு வந்தார். அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்தோம். அந்த ரோட்டில்தான் மெட்ராஸிலிருந்து மலைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் வரும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். மஞ்சள் வேட்டி கட்டின ஒருவர் வேனிலிருந்து இறங்கிவந்து, "தரிசன டைம் போயிடும்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எழுந்திருங்க" என்று கும்பிட்டார். அவர் நல்ல மனுஷர்தான். முனியம்மா அவரை ஏறிட்டுப் பார்த்து, "எங்கூட்டுப் பொண்ணு இந்த ரோட்டுலதான் செத்துது சாமி. மலைமேல அவரைப் பாத்தா சொல்லு" என்றார். அவர் வேன் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கேம்ப் போன ஆபீசர் அன்றைக்குத்தான் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கோபம். "ரோட்டு மீத கூர்சுண்டே பஸ்ஸு வஸ்துந்தா?" என்றார். ரோட்டில் உட்கார்ந்தால் பஸ் வந்துவிடுமா என்று அர்த்தம்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, அதே தெலுங்கில், "நில்சுண்டே ராலேது சார். அந்துகே கூர்சுன்னாம்" என்றார். நின்றபோது வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்தோம்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் பஸ் வந்தது என்று இன்னமும் நினைக்கிறேன்.

வந்தது பழைய பஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மேடு ஏறினால் முக்கும். ஆனால் முதல் நாள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். வேலைக்குப் போகிற பெண்கள் அன்றைக்குத் தலைநிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார்கள். கோவிந்தம்மா அக்கா டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, "ஏய், உக்காந்துகினு போறோம்மே, பாருங்கம்மே!" என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். மாம்பழ வாசனை அப்போதும் எங்கள் மேல் அடித்தது. ஆனால் பஸ்ஸில் அது வேறு மாதிரி இருந்தது. தூங்கலாம், பேசலாம், வரும்போதே சோத்து டப்பாவைத் திறந்து மிச்சத்தைத் தின்னலாம். நான் அந்த பஸ்ஸில்தான் மறுபடியும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.

முனியம்மா மட்டும் ஒரு நாளும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்படியைப் பார்த்தபடி நிற்பார். சீட்டெல்லாம் காலியாக இருக்கிறதே, உட்காரும்மா என்று கண்டக்டர் கேட்டுப் பார்த்தார். "நின்னே பழகிப்போச்சி, வுடு நைனா" என்றார். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. சீசன் முடிகிற வரைக்கும் அவர் அப்படியே நின்றுகொண்டு வந்தார்.

அடுத்த வருஷம் மா பூக்கும்போதே நாங்கள் தயார். டெப்போவில் சொல்லி, சீசனின் முதல் நாள் பஸ்ஸும் வந்துவிட்டது. பேக்டரி வாசலில் இறங்கினால் கேட் சாத்தியிருந்தது. உள்ளே காம்பவுண்டு ஓரமாக வரிசையாகத் தகரக் கொட்டகைகள். கயிற்றுக் கொடியில் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரிசாவோ பீகாரோ, எங்கிருந்தோ ரயிலேறி வந்த பையன்கள். பல் துலக்கிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பாவம், அவர்கள் முகத்திலும் பசிதான் இருந்தது. அவர்களைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை.

மேஸ்திரி கேட்டுக்கு வெளியே வந்தார். கோபமே இல்லாமல்தான் பேசினார்.

"உங்களுக்கு பஸ்ஸு வேணும். இவங்களுக்கு பஸ்ஸே வேணாம். இங்கியே துன்னுட்டு இங்கியே படுத்துக்கிறாங்க. கம்பெனியே சொல்லிட்ச்சி, நான் இன்னா பண்றது?"

வந்த பஸ்ஸிலேயே திரும்பினோம். ஏறுகிற ஆளில்லாத பஸ்ஸை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு டெப்போவில் நிறுத்திவிட்டார்கள். நஷ்டம் என்று அவர்கள் முதலிலேயே சொன்னது உண்மையாகிவிட்டது.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் அரைக்கதையாகிவிடும். ஒரு நாள் கோவிந்தம்மா அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனார். வாசல்படிக்குக் கீழேயே நின்றார். கத்தி தீட்டுகிற குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"பஸ்ஸு வேணாம். லாரியிலியே வரோம். நின்னுகினே வரோம். வேல குடு."

"லாரிய வித்துட்டேம்மா" என்றார் மேஸ்திரி. மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அக்கா அந்த மோரை வாங்கிக் குடித்தார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். வாங்காமல் திரும்பியிருந்தால் கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

ஏரிக்கரை வழியே திரும்பி வந்தோம். அந்தப் பக்கத்தில் டவுன்பஸ் ஆலமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. "வசந்தா செத்தது வீணாப் போச்சிமே" என்றார் அக்கா.

அந்தக் கோடையிலேயே ஊர் காலியாக ஆரம்பித்தது. ஏரி தாண்டி, அந்த டவுன்பஸ்ஸில்தான் ஒவ்வொரு வீடாகப் போனது. செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைக்குச் சிலர், அம்பத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்குச் சிலர். அக்காவும் கணவரும் தறியைப் பிரித்து விற்றுவிட்டுப் போனார்கள். சில வருஷம் பொங்கலுக்கு வந்தார், பிறகு வரவில்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். இல்லை, அது வேறு கோவிந்தம்மா என்று இன்னொருவர் சொன்னார். முனியம்மா எங்கேயும் போகவில்லை. கூட்ரோடு வரை நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். ஒரு மழைக்காலத்தில் அதுவும் நின்றது. நான் கணக்கைப் பாஸ் செய்து திருப்பதிக்கு வேலைக்குப் போனேன், பிறகு கல்யாணமாகி அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். என்னுடைய பாஸுக்கு அந்த ஒரு சீசன் பஸ் காரணம் என்று நினைக்கும்போது சந்தோஷப்படத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது, ஊர்ப்பக்கம் போய் வரலாம் என்று ஓரகத்தியின் காரில் போனோம். கூட்ரோடு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பெரிய ரோட்டை நான்கு மடங்காக்கி, நடுவே சுவர் வைத்து, எங்கள் மண்ரோடு சேருகிற முனையை மேலே மேம்பாலம் போட்டுக் கடந்துவிட்டார்கள். பஸ்கள் எல்லாம் மேலேயே போகின்றன. இறங்க வேண்டுமானால் நகரிக்குப் போய் இறங்கித் திரும்பி வர வேண்டும். பாலத்துக்குக் கீழே நின்றிருந்தபோது ஒரு சின்ன சரக்கு வண்டி போயிற்று. பின்னால் பெண்கள், நின்றுகொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு. எந்த ஊரோ, எந்த வேலைக்கோ. கையைக் காட்டி நிறுத்தச் சொல்லலாமா என்று தோன்றியது. நிறுத்தி என்ன சொல்வது?

ஊருக்குள் ஏழெட்டு வீட்டில்தான் புகை தெரிந்தது. மற்றதெல்லாம் பூட்டு. நாங்கள் மறியலுக்கு உட்கார்ந்த இடத்தில் இப்போது பாலத்தின் தூண் நிற்கிறது. இன்றைக்கு இன்னொரு கோவிந்தம்மா வந்து வாருங்கள் என்று கூப்பிட்டாலும், கூடப் போய் உட்கார ஊரில் ஆள் இல்லை. உட்காருவதற்கு அந்த ரோடும் இல்லை.