சத்தம் போடாதவள்

பிரசவ வார்டில் நான் வாங்கிய நல்ல பெயரை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் குமாரபாளையத்தில் தறி ஓட்டும் பெண். அவளுக்கு முதல் பிரசவம். "முடியலீங்க, அம்மா, முடியலீங்க" என்று கதறிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து அவள் தொடையில் பளாரென்று ஓர் அடி வைத்தார்.

"புருசங்கிட்டப் படுக்கறப்ப இந்தச் சத்தம் எங்க போச்சு? அந்தப் பொண்ணப் பாரு, எப்படி அமைதியா இருக்குது. அது மாதிரி இரு."

அந்தப் பொண்ணு நான்தான். வெட்கங்கெட்டவள், அந்த வலியிலும் நர்ஸைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கட்டிலிலிருந்து என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்தால் எனக்கும் திட்டு விழும் என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. அதன்பிறகு அவளை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நர்ஸ் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தரை துடைக்க வந்த ஆயாதான் குழந்தையின் தலை வெளியே தெரிவதைப் பார்த்து அலறினார். நர்ஸ் ஓடிவந்தார். நல்லவேளை, குழந்தை அழுதது. நர்ஸ் உடனே திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன கேடு?"

அவள் வாயிலிருந்து துண்டை எடுத்தாள். பார்வை என் மேல் இருந்தது.

"அந்த அக்கா மாதிரி இருக்கச் சொன்னீங்களே சிஸ்டர், அப்படியே இருந்தேனுங்க."