நான் அனுப்பாத குறியீடு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பினாங்கு கெலுகோரில் நான் தனியாகக் குடியிருக்கும் பிளாட்டில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமும் இல்லை.

மனைவி இறந்த பிறகு, பத்து காவான் தொழிற்பேட்டையில் பார்த்துவந்த பேக்டரி வேலையை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட, மிஞ்சியவர் தீவின் மறுபக்கம், மலைக்கு அப்பால் இருக்கும் பாலிக் புலாவில் ஜாதிக்காய் ஜூஸும் தைலமும் விற்கும் ஒரு பெண்மணி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வாரம் ஒருமுறையாவது போன் செய்வார். "அண்ணே, அந்த போத்தல் படத்தை மாத்தணும்லா" என்று ஆரம்பித்து, மழை, கடைக்கு வந்த கூட்டம், தோட்டத்தில் குரங்குத் தொல்லை என்று அரை மணி நேரம் ஓடிவிடும். சில வாரங்களில் நான் வாய் திறந்து பேசியதே அவரிடம் மட்டும்தான்.

ஒருநாள் அவர் சொன்னார், "அண்ணே, கோலாலம்பூர் கம்பெனி ஒண்ணு புதுசா வெப்சைட் செஞ்சு தருது. அட்ரஸ மாத்த ஏதோ கோட் நம்பர் உங்ககிட்டதான் வாங்கணுமாம். அனுப்புறீங்களா?"

வெப்சைட் முகவரியை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, பழைய இடத்திலிருந்து ஒரு ரகசியக் குறியீடு எடுத்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் எதுவும் நகராது. முகவரி அவருடைய கடைப் பெயர்தான்; ஆனால் பதிவு செய்தது என் கணக்கில். ஐந்து நிமிட வேலை. அன்றே குறியீட்டை எடுத்தும் விட்டேன். அனுப்பத்தான் மனம் வரவில்லை. அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு அவர் எனக்கு எதற்காகப் போன் செய்யப் போகிறார்?

"சிஸ்டத்துல பிரச்சினைம்மா, ரெண்டு நாள் ஆகும்" என்றேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். இன்னொரு சாக்கு. இப்போது வாரத்துக்கு மூன்று போன் வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கடைசியில் சாக்குகள் தீர்ந்துபோய், உடம்பு சரியில்லை, கிளினிக்குக் கூட்டிப் போகவும் ஆளில்லை என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால், கையில் கஞ்சித் தூக்கோடு ஒரு பெண் நிற்கிறார். "அண்ணே" என்ற குரலை வைத்துத்தான் அவர் என்று தெரிந்தது. அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. நான் அனுப்பிய பில்லில் இருந்த வீட்டு முகவரியைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார். சனிக்கிழமைதான் அவருக்கு நல்ல வியாபாரம். கடையைச் சாத்திவிட்டு, மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி இறங்கிக் கார் ஓட்டி வந்திருந்தார்.

"கோட் நம்பர் கெடக்கட்டும்ணே. மொதல்ல கிளினிக் போலாம், வாங்க. ஒங்களைக் கூட்டிட்டுப் போக யாரும் இல்லன்னு சொன்னீங்களே."

அதற்கு மேல் தாங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதையும், குறியீடு முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்ததையும், ஏன் அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "புது வெப்சைட் வந்ததும் ஆர்டர் தர்றோம்னு ஒரு ஹோட்டல்ல சொல்லியிருந்தாங்க. ரெண்டு தடவை டைம் கேட்டேன். மூணாவது தடவை அவங்க போனே எடுக்கல" என்றார். பிறகு, "பேசணும்னு இருந்தா பேசியிருக்கலாமே அண்ணே. அதுக்கு ஏன் என் கடைப் பேரப் புடிச்சு வச்சீங்க?"

அவர் எதிரிலேயே குறியீட்டை அனுப்பினேன். வந்துவிட்டதா என்று போனில் பார்த்துக்கொண்டு, தூக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கஞ்சியைச் சாயங்காலம் வரை தொட முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "பரவால்லண்ணே" என்று ஒரே வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு போன் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது புதிதாகச் சில வியாபாரிகள் கிடைத்திருக்கிறார்கள். அவர்களில் யார் கேட்டாலும் குறியீட்டை அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். வீடு ரொம்ப அமைதியாகிவிடும் நாட்களில், எந்தக் காரணமும் இல்லாமல் நானே யாருக்காவது போன் செய்து, "சும்மா பேசணும்னு தோணுச்சு" என்று சொல்கிறேன். என் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் வருவதற்கு ஒரு நல்ல மனுஷியை நோகடிக்க வேண்டியிருந்ததே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.