சூடும் சுணையும்

என் மனைவி ஆசைப்பட்டு வாங்கிய பழைய கறுப்புக் காரைப் பார்த்து, அவளுடைய அலுவலகத்தில் ஒருத்தி "கரிச்சட்டி" என்று சொல்லிவிட்டாள். மனைவி சிரித்துக்கொண்டுதான் வந்து என்னிடம் சொன்னாள். ஆனால் முகம் வாடியிருந்தது. வாகனங்களுக்குப் பொலிஷ் போடுவது என் தொழில். எனக்குப் பொறுக்குமா?

"திங்கக்கிழமை நீ இந்தக் காரில முகம் பாத்துத்தான் பொட்டு வைப்பாய்" என்று வீம்பாக வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை பொலிஷ் போட்டு முடித்ததும் கொட்டகைக்குள் காரின் பொனட் பளபளத்தது. வெயிலுக்கு எடுத்துக் குனிந்து பார்த்தேன். தேங்காய்த் தும்பால் தேய்த்ததுபோல எங்கும் மெல்லிய வட்டக் கோடுகள்.

சூடுதான் காரணம் என்று முடிவுகட்டினேன். தகடு சூடானால் தேய்க்கிற பசை, கொம்பவுண்ட், காய்ந்து இப்படிச் செய்யும். காரை நிழலில் ஆறவிட்டு, பொலிஷ் மெசினின் வேகத்தைக் குறைத்து, இரண்டு சாண் இடத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். கோடு. வேறு கொம்பவுண்ட் பூசினேன். அப்போதும் கோடு. மெசினைத் திட்டினேன். கொம்பவுண்ட் விற்றவனைத் திட்டினேன். கறுப்புக் கார் வாங்கியதற்காக அவளையும் திட்டினேன்.

அவள் மெசினில் பூட்டியிருந்த தேய்க்கும் பஞ்சைக் கழற்றித் தன் முழங்கையில் தேய்த்தாள். அடுத்த நிமிடம் சொறியத் தொடங்கினாள்.

"இஞ்ச பாருங்க, இது சூடில்ல. சுணை. நெல்லுச் சுணை."

வேலிக்கு அப்பால் வயல் வட்டையில் ஒரு கிழமையாக நெல்லு வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அது கிளப்பிய மெல்லிய முள்ளுத் தூசெல்லாம் வேலியில் காய்ந்த ஈரப்பஞ்சுகளில் ஒட்டியிருந்தது.

"ஆர் இதுகள வேலியில காயப்போட்டது?" என்று பாய்ந்தேன்.

"நீங்கதான்."

நான்தான். காரைக் கழுவி, உறை பிரிக்காத புதுப் பஞ்சொன்றைப் பூட்டினேன். இம்முறை வெயிலில் ஒரு கோடுகூட இல்லை. பொனட்டுக்குள் வானம் கிடந்தது. சந்தோஷத்தில் துள்ளவேண்டும் போலிருந்தது; துள்ளினேன்.

மறுநாள் அவள் பொனட்டில் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் கரிச்சட்டி என்றவளே எனக்குப் போன் எடுத்து, தன் காரையும் இப்படிச் செய்து தரமுடியுமா, இதென்ன வித்தை என்று கேட்டாள்.

"எல்லாம் கைப்பக்குவம் தங்கச்சி" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் மனைவி முழங்கையைச் சொறிந்துகொண்டே சிரித்தாள். "சூடு சுணை இருக்கா இந்த மனிசனுக்கு?"

"அது ரெண்டும் இருந்தாக் கோடெல்லோ விழும் புள்ள" என்றேன்.